வெட்டாத வீடியோ

யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வந்து இறங்கிய அந்த எல்.ஈ.டி திரையைப் பார்த்ததுமே நிருபனுக்குச் சீ என்று போய்விட்டது. பத்தடி உயரம், பதினாறடி அகலம். அதை நிறுத்துவதற்காகவே அக்கா தர்சனாவின் வளவில் இரண்டு தேசி மரங்களைத் தறித்திருந்தார்கள். எலுமிச்சை காய்த்துக்கொண்டிருந்த மரங்கள். காலை ஒன்பது மணி வெயிலிலும் படம் பளிச்சென்று தெரியுமாம். தெரியாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்? ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை பெரியபிள்ளையானதை வேலணைச் சனம் முழுவதும் பத்தடி உயரத்தில் பார்த்தே தீரவேண்டும் என்று எந்தக் கோயில் கல்வெட்டில் பொறித்துக் கிடக்கிறதோ தெரியாது.

பொறித்தவர் சுவிஸ் மாமா. பெயர் பிரதாபன். நிருபனின் அம்மா சத்தியபாமாவின் ஒரே தம்பி. அறுபத்திரண்டு வயது, தலைக்குக் கறுப்பு மை, கழுத்தில் கைவிரல் தடிப்பில் சங்கிலி. தர்சனாவின் மகள் கம்சிகா முறைப்படி அவரைத் தாத்தா என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் முகம் சுண்டிப்போகும். ஆகையால் அவளும் சுவிஸ் மாமா என்றுதான் கூப்பிட்டாள்.

கம்சிகா பெரியபிள்ளையானது வைகாசியில். சடங்கு ஆவணியில். ஏனென்றால் மாமாவுக்கு ஆவணியில்தான் லீவு. அவர் வரும்வரைக்கும் மூன்று மாதமாகப் பிள்ளைக்குச் சைக்கிள் இல்லை, விளையாட்டு இல்லை, வெயில் படக்கூடாது, முகம் கறுத்துவிடும். விடிந்தால் பச்சை முட்டை, பொழுதுபட்டால் உளுத்தங்களி. கோழி அடைகாக்கிற மாதிரி அவளை வீட்டுக்குள் வைத்திருந்தார்கள்.

இந்தச் சடங்கில் தாய்மாமன் இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது. தாயோடு கூடப்பிறந்தவன் வந்து தேங்காய் உடைத்து, பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்து, முதல் செம்புத் தண்ணீரை வார்க்க வேண்டும். அவன் வார்த்த பிறகுதான் மற்றவர்கள். சபையில் அவனுக்குத்தான் முதல் மரியாதை.

தர்சனாவுக்குக் கூடப்பிறந்தது ஒன்றே ஒன்று. அது நிருபன். பிறந்தபோது வைத்த பெயர் துஷாந்தினி. இருபத்தொரு வயதில் அந்தப் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏறினான். வத்தளையில் ஏசி பூட்டுகிற வேலை. இப்போது இருபத்தேழு வயது. தாடி இருக்கிறது, கனத்த குரல் இருக்கிறது, ஆண் என்று எழுதின அடையாள அட்டை பொக்கற்றில் இருக்கிறது. அரசாங்கமே ஒப்புக்கொண்டு சான்றிதழ் கொடுத்துவிட்டது. வேலணைதான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஊர் கேட்கும்போதெல்லாம் சத்தியபாமா ஆறு வருஷமாக ஒரே பாட்டைத்தான் பாடினார். “என்ர பிள்ளை தங்கமான பொம்பிளைப்பிள்ளை. கொழும்பில கூடாத சேர்க்கை. ஆரோ மருந்து குடுத்து மாத்திப்போட்டாங்கள். இஞ்ச இருக்கேக்க ஒரு நாளும் அப்பிடியொரு சொல்லுச் சொன்னதில்லை.” கேட்ட சனமும் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போகும். அந்தக் கதையில் நிருபனுக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. சின்ன வயதில் வாய் திறந்து சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களோ, நான்தான் பயந்து பொத்திக்கொண்டு இருந்துவிட்டேனோ என்று வத்தளை அறையில் கிடந்து எத்தனையோ நாள் தன்னையே தின்றிருக்கிறான்.

கம்சிகா மட்டும், அவன் தாடியோடு முதன்முதல் வீடியோ கோலில் வந்த நாளிலிருந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் மாமா என்று கூப்பிட்டாள். தாய்மாமன். அந்தச் சொல் அவனுக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்லி மாளாது. வைகாசியில் செய்தி வந்த அன்றே அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தான். “அக்கா, நான்தானே முதல் தண்ணி வார்க்கோணும்?” அக்கா “பாப்பம்” என்றாள். அடுத்த கிழமையும் கேட்டான். “பாப்பம்.” மூன்று மாதம் கேட்டான். கெஞ்சினான், சண்டை பிடித்தான், அழுதான். நாலுபேர் முன்னால் அந்தச் செம்பை ஒருமுறை கையில் வாங்கிவிட்டால் அதற்குப்பிறகு இந்த ஊரில் எவனும் தன்னைத் துஷாந்தினி என்று கூப்பிட ஏலாது என்று அவனுக்கு ஒரு பிடிவாதம். கடைசியில் அக்கா சொன்னாள், “வா. ஆனா மாமா இருக்கேக்க நான் ஒண்டும் சொல்லேலாது.”

வந்தான். பட்டு வேட்டி, சால்வை. அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“உந்தக் கோலத்தோட முன்னுக்கு வந்து நிண்டு மானத்தை வாங்காதை. சமையல் கொட்டில் பக்கம் நில்லு. சாப்பிட்டிட்டு மத்தியான பஸ்ஸில போ.”

“அம்மா, தர்சனாக்காவுக்கு நான்தானே சகோதரம்?”

“சகோதரிதானே எண்டு கேள். அப்ப பதில் சொல்லுறன்.”

இந்த அம்மாவிடம் நியாயம் பேசுவதும் சுவரோடு முட்டுவதும் ஒன்றுதான்.

திரையைப் பூட்டிக்கொண்டிருந்தவன் டிலோன். ஊர்காவற்றுறையில் ஸ்ரூடியோ வைத்திருப்பவன், நிருபனைவிட நாலைந்து வயது மூத்தவன். நிருபன் வயர் ஒன்றைத் தூக்கிக் கொடுக்கப் போன இடத்தில் அவன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான். 

“தம்பி, நீர்தானே தர்சனாக்கான்ர... எனக்கு என்ன எண்டு சொல்லுறதெண்டு தெரியேல்லை. படத்தில உம்மடை பழைய சாமத்தியச் சடங்கு வீடியோவும் வருது. மாமாதான் சீடி கொண்டுவந்து தந்தவர். மூண்டு தலைமுறைப் பொம்பிளையளின்ர படமாம்.”

நிருபன் வயரைக் கீழே போட்டான். “அதை வெட்டேலாதோ?”

“அஞ்சு நிமிசத்துக்கு வெட்டித்தான் வைச்சிருக்கிறன். முழுசா எடுக்கிறதெண்டா மாமா சொல்லோணும்.”

மாமாவிடம் போனான். அவர் கதிரையில் சாய்ந்து கால்மேல் கால் போட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ரோவை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார், “ஏன், உண்மைதானே காட்டுறம்? உண்மையைக் கண்டா உமக்கு என்னத்துக்குக் கூசுது?” சொல்லிவிட்டு மிச்ச இளநீரை உறிஞ்சினார். அந்த உறிஞ்சல் சத்தம் நிருபனின் காதுக்குள் நத்தை ஊருகிற மாதிரி ஊர்ந்தது. கிட்டத்தில் நின்ற அக்கா, “அஞ்சு நிமிசம்தானே, பல்லைக் கடிச்சுக்கொண்டு இரன்” என்றாள். யாருடைய பல்லை யார் கடிக்கச் சொல்வது!

பத்து மணிக்குப் பந்தல் நிறைந்துவிட்டது. அனலைதீவிலிருந்து படகேறி வந்த சொந்தங்கள், எழுவைதீவிலிருந்து வந்த சொந்தங்கள், சொந்தமே இல்லாமல் பதினொரு கறிச் சோற்றுக்கு வந்த சொந்தங்கள். வியர்வையும் சென்ரும் மல்லிகையும் கலந்த ஒரு புளித்த நாற்றம். மேடையில் வெள்ளை றெஜிபோம் அட்டையில் வெட்டின அன்னப்பட்சி, அதன் முதுகில் கம்சிகா. தண்ணீர் வார்க்கிற சடங்குதான், இரண்டு செம்போடு கரைந்து ஓடப்போகிற முகம்தான், அதற்கும் விடிய நாலு மணிக்கு எழுப்பி ஒரு அங்குலத்துக்கு மேக்கப் அப்பியிருந்தார்கள். பிள்ளை நேரே பார்த்துக்கொண்டு இருந்தாள். சிரிக்கச் சொன்னால் சிரித்தாள். நிருபன் சமையல் கொட்டில் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றான். அவன் கண் முழுவதும் அன்னத்தின் காலடியில் இருந்த வெள்ளிச் செம்பில்தான்.

மாமா மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் விடுவாரா? நல்லநேரம் பத்தே முக்காலுக்கு, அதுவரைக்கும் எங்கள் குடும்பத்துக் குலவிளக்குகளைப் பாருங்கள் என்று ஒரு பிரசங்கம் செய்துவிட்டு டிலோனுக்குக் கையைக் காட்டினார்.

முதலில் சத்தியபாமாவின் கறுப்பு வெள்ளைப் படம். கைதட்டு. பிறகு தர்சனாவின் அல்பம். கைதட்டு. பிறகு திரை முழுவதும் ஒரு பிள்ளை. பதின்மூன்று வயது. குங்குமச் சிவப்புக் கூறைச்சேலை, தலை நிறைய பூ, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம். முகத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. அந்த முகத்தைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் ஆலாத்தித் தட்டைச் சுழற்றினார்கள். நாதஸ்வரம் முழங்கியது.

நிருபனுக்கு முதுகுத்தண்டில் புழு நெளிந்தது. அந்தச் சேலையின் சரிகை கக்கத்தில் அறுத்தது, அந்தப் பூவின் நாற்றம், தலையில் ஊசி குத்தின இடம், எல்லாம் பதினாலு வருஷம் கழித்துத் தோலில் திரும்பி வந்தது. தாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டான். இருந்தது.

“உது அந்தப் பெட்டையெல்லே! அம்பலவாணரின்ர இளையவள்!”

“என்ன வடிவாய் இருந்த பிள்ளை! பாழாக்கிப்போட்டாங்கள்.”

“அந்தா நிக்குது பார், கொட்டிலடியில. வேட்டியோட.”

தலைகள் திரும்பின. திரையைப் பார்க்கிறது, அவனைப் பார்க்கிறது, மறுபடி திரை, மறுபடி அவன். கைத்தொலைபேசிகள் எழும்பின, ஒருவர் கதிரையில் ஏறி நின்றே எடுத்தார். ஒரு மனுசி திரையையும் அவனையும் ஒரே படத்துக்குள் அடக்க ஏலாமல் கதிரையிலிருந்து எழுந்து பின்னால் பின்னால் போய், சாம்பார் கிடாரத்தில் இடித்துக்கொண்டது. சிரிப்பு. கோதாரி விழுந்த சிரிப்பு, குழந்தை குட்டி, கிழடு கட்டை எல்லாம் சேர்ந்து. மாமா மைக்கில், “வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ, ஒரிஜினல்” என்றார். இப்படியும் ஒரு மனிதன் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டுவானா என்று நிருபனுக்கு இருந்தது. போய்விடலாம், பஸ் இருக்கிறது. ஆனால் செம்பு அங்கே இருந்தது. போகவில்லை.

அடுத்தது கம்சிகாவின் பங்கு. நெடுந்தீவுக்குக் கொண்டுபோய் உச்சி வெயிலில் குதிரைகளுக்கு முன்னால் பாவாடையை விரித்துக்கொண்டு நடக்கவிட்டிருந்தார்கள். ஒரு குதிரை பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டியது. அந்தக் கூட்டத்திலேயே புத்தியுள்ள சீவன் அதுதான். பத்தரைக்குப் படம் முடிந்துவிட்டது. ஐயரைக் காணோம். ரெலிபோன் எடுத்தால் கரம்பனில் இன்னொரு சடங்கில் நிற்கிறாராம், அரைமணித்தியாலம் ஆகுமாம். பதினொன்றரை வரைக்கும் நல்லநேரம் இருக்கிறது, பதறவேண்டாமாம்.

சனம் நெளியத் தொடங்கியது. மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. அதைவிட இன்னொன்றும் அவரை முதலிலிருந்தே குடைந்துகொண்டிருந்தது. டிலோன் வெட்டிய அந்த ஐந்து நிமிசத்தில் அவர் ஒரு இடத்திலும் இல்லை.

“டிலோன், நான் தண்ணி வார்த்த காட்சி எங்க? ஆர் உம்மை வெட்டச் சொன்னது? முழு வீடியோவும் போடும்!”

“அண்ணை, அது கமராக்காரன் எடுத்தபடி வெட்டாமல் கிடக்கிற சீடி. நானே முழுசாப் பாக்கேல்லை.”

“நான் பாத்தனான், நான் வார்த்தனான், எனக்குத் தெரியாதோ? போடும் எண்டுறன்!”

பார்த்திருக்கமாட்டார். தான் வருகிற இடத்தை மட்டும் ஓடவிட்டுப் பார்த்திருப்பார். டிலோன் தோளைக் குலுக்கிவிட்டு பட்டனை அமத்தினான்.

திரையில் ஒரு அறை. கட்டிலில் ஒரு பிள்ளை, பையன்கள் போடுகிற கழுசானும் சேட்டும், முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. தலையில் வைத்த எண்ணெய் கழுத்தால் வழிகிறது. வளையல் போட்ட கை ஒன்று கோப்பையை நீட்டுகிறது.

“குடி. முட்டையும் நல்லெண்ணெயும்தான். இடுப்புக்கு நல்லது.”

“எனக்கு இந்த இடுப்பு வேண்டாம்.”

பந்தலில் சில பேர் சிரித்தார்கள். பிள்ளையின் குரல் நாலு பெரிய ஸ்பீக்கரிலும் இரைந்தது.

“நான் பொம்பிளைப்பிள்ளை இல்லை. எத்தினை தரம் சொல்லுறது அம்மா? போன வருசமும் சொன்னனான். அப்பாவுக்கும் சொன்னனான். நான் ஆம்பிளை.”

“வாயைப் பொத்து, சனியன்! வீடியோக்காரன் நிக்கிறான்.” சத்தியபாமாவின் குரல். பதினாலு வருஷம் இளமையான குரல், ஆனால் சந்தேகமில்லாமல் அதே குரல்.

சிரிப்பு நின்றது.

கதவு திறந்தது. இருபத்தைந்து வயது தர்சனா உள்ளே வந்தாள், “திருப்பியும் தொடங்கீட்டுதோ?” என்று சிரித்துக்கொண்டே கட்டிலில் ஏறிப் பிள்ளையின் இரண்டு கையையும் பின்னால் பிடித்தாள். கதவு நிலையில் அப்பா. நாலு வருஷத்துக்கு முன் செத்துப்போன அம்பலவாணர், திரையில் உயிரோடு, தெளிவாக, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கமராவைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டார். பிறகு தலைக்கு மை பூசாத பிரதாபன் வந்தார்.

“சுவிஸில இருந்து பிளேன் ஏறி வந்தது உன்ர விசர்க்கதை கேக்கவோ?”

அறை விழுந்தது. அந்த ஸ்பீக்கர்களில் அது எப்படிக் கேட்டதென்று சொல்ல வேண்டியதில்லை. முன்வரிசையில் இருந்த கைக்குழந்தை வீரிட்டு அழுதது. திரையில் மாமா கமராவைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு, “தம்பி, உந்த இடத்தை வெட்டிப்போடும்” என்றார்.

நிருபனுக்கு அறை ஞாபகம் இருந்தது. முட்டை ஞாபகம் இருந்தது. ஆனால் தன் வாயால் அவ்வளவு தெளிவாகச் சொன்னது, சத்தியமாக, ஞாபகத்தில் இல்லை. சொல்லியிருக்கிறான். ஒருதரமில்லை, பலதரம். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்கு, அக்காவுக்கு, மாமாவுக்கு, அப்பாவுக்கு. அத்தனை பேரும் காதால் கேட்டுவிட்டு, கேட்கவேயில்லை என்று ஆறு வருஷமாக ஊருக்கும் அவனுக்கும் கதை அளந்திருக்கிறார்கள். கொழும்பு மருந்தாம்! தூ! அவனுக்கு அழுகை வரவில்லை. கிணற்றில் எலி செத்து மிதக்கிறது தெரியாமல் வருஷக்கணக்காக அந்தத் தண்ணீரைக் குடித்தவனுக்கு என்ன வரும், அதுதான் வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து இரண்டுமுறை ஓங்காளித்தான். வெறும் புளிப்புத்தான் வந்தது.

“நிப்பாட்டும்! நிப்பாட்டுமடாப்பா!” மாமா மைக்கை மறந்து கத்தினார்.

டிலோன் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். “முழுசாப் போடச் சொன்னனீங்கள்.”

அதனால் மிச்சமும் ஓடியது. வீங்கின கன்னத்தோடு பிள்ளை பலகையில் இருக்க, பிரதாபன் செம்பைச் சரித்துத் தண்ணீரை வார்த்தார். வார்த்துவிட்டுக் கமராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “வடிவா விழுந்திருக்கோ?” என்று கேட்டார். அந்த இடத்தில் டிலோன் தானாகவே நிறுத்தினான்.

சத்தியபாமா எழும்பி, “சின்னப்பிள்ளையள் ஆயிரம் சொல்லும், அதையெல்லாம் தூக்கிப் பிடிக்கிறதோ” என்று தொடங்கினார். யாரும் உச்சுக்கொட்டவில்லை. அனலைதீவுச் சொந்தம் ஒருத்தி மட்டும், “அப்ப கொழும்பு மருந்து எண்டு எங்களிட்டச் சொன்னது?” என்று கேட்டாள். சத்தியபாமா சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் ஐயர். மோட்டார்சைக்கிளிலிருந்து குதித்து, ஒரு சங்கதியும் தெரியாமல், வேர்த்து விறுவிறுத்து மேடையேறினார். “நேரம் போகுது, நேரம் போகுது. தாய்மாமன் ஆர்? கெதியா வாங்கோ.”

மாமா எழும்பப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த தம்பு, வேலணையில் நாலு வட்டாரத்துக்கும் பெரிய மனிதர், பொல்லை ஊன்றிக்கொண்டு எழுந்தார். அவரும் சற்றுமுன் வாய்விட்டுச் சிரித்தவர்தான்.

“பிரதாபன், நீர் இரும். நீர் வார்த்ததைத்தான் பாத்தமே.” கொட்டிலடிப் பக்கம் கையை நீட்டினார். “தாய்மாமன் அந்தா நிக்கிறார். தம்பி, நீர் வாரும்.”

தர்சனாவே செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க ஏலவில்லை. செம்பை நீட்டினாள். நிருபன் வாங்கினான். சனம் விலகி வழிவிட்டது. ஒருவன்கூட இளிக்கவில்லை, கைத்தொலைபேசியை உயர்த்தினவர்கள்கூட மரியாதையாக உயர்த்தினார்கள். மூன்று மாதம் அழுது கேட்டது கையில் இருந்தது. வெள்ளிச் செம்பு, மஞ்சள் தண்ணீர், நாலுபேர் சாட்சி. தேங்காய் உடைத்தான், ஒரே அடியில் உடைந்தது. பாலறுகு வைக்க அன்னத்துக்குக் கிட்டப் போனான். அப்போதுதான் கம்சிகாவை அன்றைக்கு முதல்தடவையாக நேரே பார்த்தான்.

முகத்தில் ஒன்றுமே இல்லை.

மேக்கப்புக்குக் கீழே, சிரிப்புக்குக் கீழே, ஒன்றுமே இல்லை. சற்றுமுன் பத்தடி உயரத்தில் பார்த்த முகம். இவள் அவனைப்போல இல்லை, இவள் பெண்பிள்ளைதான், அதில் அவளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. ஆனாலும் அதே முகம். மடியில் இரண்டு கையும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன. யாரும் பிடிக்கத் தேவையில்லை, தன் கையைத் தானே பிடித்துவைத்திருந்தாள்.

நிருபன் குனிந்து அவள் காதோடு கேட்டான், “பிள்ளை, உமக்கு உது விருப்பமோ?”

கம்சிகா உதடு அசையாமல் சொன்னாள், “மூண்டு மாசமா ஒருத்தரும் கேக்கேல்லை.” கொஞ்சம் பொறுத்து, “நீங்களும் கேக்கேல்லை மாமா” என்றாள்.

அவனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எத்தனை ரெலிபோன்! எத்தனை இரவு! நான் வார்க்கோணும், நான் வார்க்கோணும். அந்தச் செம்புக்குக் கீழே ஒரு தலை இருக்கும் என்று ஒருநாளாவது நினைத்தானா? இவளிடம் எத்தனையோ கதை கதைத்தான். சோதனை, பள்ளிக்கூடம், ஐஸ்கிறீம். இதைக் கேட்கவில்லை. எல்லாரையும் பார்த்துக் குமட்டின வயிறு இப்போது தன்னையே பார்த்துக் குமட்டியது.

“இப்ப கேக்கிறன். சொல்லும்.”

“வேண்டாம். எல்லாரும் பாக்கினம். எனக்கு வெக்கமாக் கிடக்கு.”

“ம், வாருங்கோ, வாருங்கோ” என்று ஐயர் அவசரப்படுத்தினார்.

நிருபன் செம்பைக் கீழே வைத்தான். சபையைப் பார்த்துத் திரும்பினான். ஏசி மெசின் இரைச்சலுக்கு மேலால் கத்திக் கத்தி உரத்துப்போன குரல், மைக் தேவைப்படவில்லை.

“பிள்ளைக்கு விருப்பமில்லையாம். தாய்மாமன் சொல்லுறன், தண்ணி வார்வை இல்லை. கம்சிகா, நீர் எழும்பி உள்ளுக்குப் போம். சாப்பாடு தயார், எல்லாரும் சாப்பிட்டிட்டுப் போங்கோ.”

கம்சிகா அவன் சொல்லி முடிக்குமுன்னமே எழும்பிவிட்டாள். பாவாடையை இரண்டு கையாலும் அள்ளிப்பிடித்துக்கொண்டு அன்னத்தின் கழுத்தைத் தாண்டிக் குதித்து ஓடினாள். கழுத்து முறிந்து தொங்கியது. மாமா நெஞ்சைப் பிடித்தார், அம்மா குழறினார், ஐயர் தட்சணைத் தட்டைப் பார்த்தார். தாய்மாமன் சொல்லிவிட்டால் அதற்குமேல் சபையில் பேச்சில்லை என்று தம்பு சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக் கொட்டில் பக்கம் முதல் ஆளாக நடந்தார்.

ஐந்தே நிமிசம். ஐந்து நிமிசத்தில் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். கத்தரிக்காய்ப் பால்கறிக்கு இடிபட்டார்கள். அழுத பிள்ளை, அறை வாங்கின பிள்ளை, ஓடின பிள்ளை எல்லாம் அப்பளத்தோடு சேர்ந்து நொறுங்கிப் போயிற்று. சோறும் நெய்யும் ஒழுகுகிற வாயோடு ஒருவர் நிருபனின் முதுகில் தட்டி, “தாய்மாமன் எண்டா இப்பிடித்தான் இருக்கோணும்” என்றார். அவர்தான் சற்றுமுன் கதிரையில் ஏறி நின்று அவனைப் படம் எடுத்தவர். முதுகில் அந்தக் கையின் எண்ணெய் ஒட்டியது. நிருபன் சால்வையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

தர்சனா வந்தாள். கண் சிவந்து வீங்கியிருந்தது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும்தான்.

“எல்லாரும் உன்னைத்தானே கூப்பிட்டவை. நான்தானே செம்பைக் கொண்டுவந்து தந்தனான். ஒரு செம்புத் தண்ணி. ஒரு நிமிச வேலை. வார்த்திருக்கலாமேடா.”

டா என்றாள். பிறந்ததிலிருந்து முதல்தடவை. ஆறு வருஷமாக அவன் காத்துக் கிடந்தது அந்த ஒரு எழுத்துக்குத்தான், நேற்று இரவு பஸ்ஸில் வரும்போதுகூட அதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தவன். இப்போது அது அவளுடைய வாயிலிருந்து வந்து காலடியில் விழுந்தது. குனிந்து எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

“அக்கா, அண்டைக்கு நீங்கள் என்ர கையைப் பின்னால பிடிச்சுக்கொண்டு சிரிச்சனீங்கள். பாத்தன். ஆனா இண்டைக்கு உங்கட பிள்ளைக்கு முன்னால செம்போட போய் நிண்டது ஆர்? நான். மாமா அண்டைக்கு நிண்ட இடத்தில நிக்கிறதுக்குத்தான் மூண்டு மாசமாக் குழறினனான். சீ!”

நிருபன் சால்வையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனான். கம்சிகாவின் அறைக்கதவு உள்ளால் பூட்டிக் கிடந்தது. தட்டினான்.

“ஆரது?”

“நான்தான்.”

“போட்டோ எடுக்க வரச் சொல்லுகினமோ?”

“இல்லை. மன்னிப்புக் கேக்க வந்தனான்.”

உள்ளே வளையல்களைக் கழற்றிப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு, “இப்ப ஏலாது மாமா. பிறகு வாங்கோ” என்றாள்.

“ஓம்” என்று சொல்லிவிட்டு நிருபன் கதவுக்கு வெளியே வெறும் நிலத்தில் இருந்தான்.